தீயை அணைக்கப் போகும் விமானங்கள் ஏன் விழுகின்றன? - பாம்பர் 134 விபத்து சொல்லும் பாடம்

2020 ஜனவரி 23. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்த காட்டுத்தீ அன்றும் அடங்கவில்லை. மதியம் 12 மணி தாண்டியதும், சிட்னியை ஒட்டியுள்ள ரிச்மண்ட் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு சி-130 ஹெர்குலிஸ் விமானம் கிளம்பியது. ரேடியோவில் அதற்குப் பெயர் ‘பாம்பர் 134’. உள்ளே மூன்று பேர், மூவரும் அமெரிக்கர்கள். விமானத்தின் டேங்கில் சுமார் 15,000 லிட்டர் தீத்தடுப்புக் கரைசல்.

ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பறந்திருப்பார்கள். கூமா நகருக்கு அருகே பீக் வியூ என்ற இடத்தில் கரைசலில் ஒரு பகுதியைக் கொட்டிவிட்டு, இடதுபுறம் திரும்பி மேலே ஏறத் தொடங்கியது விமானம். ஏறிய உயரத்தைத் தக்கவைக்க முடியவில்லை. மரத்தில் உரசி, தரையில் மோதி எரிந்துபோனது. மூவருமே உயிரிழந்தனர்.

இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்ட்டில் ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டபோதுதான் ஒரு விஷயம் முழுமையாகத் தெரியவந்தது. அன்றைய காற்றில் பறக்க முடியாது என்று வேறொரு பைலட் முன்பே மறுத்திருந்தார். அந்தத் தகவல் பாம்பர் 134-க்குப் போய்ச் சேரவே இல்லை.

காட்டுத்தீயை அணைக்கப் போகும் விமானங்கள் விழுந்து உயிர்கள் போவது புதிதல்ல. அமெரிக்கா, கிரீஸ், துருக்கி, இத்தாலி, போர்ச்சுகல் என்று பட்டியல் நீள்கிறது. ஏன் இப்படி நடக்கிறது? தடுக்க முடியாதா?

முதலில், இந்த விமானங்கள் என்ன செய்கின்றன?

டிவியில் பார்ப்பவர்களுக்கு ஒரு எண்ணம் வரும். விமானம் வருகிறது, தண்ணீரைக் கொட்டுகிறது, தீ அணைந்துவிடுகிறது. நிஜம் அப்படி இல்லை.

பெரிய விமானங்கள் பெரும்பாலும் தீயின் மேல் கொட்டுவதே இல்லை. தீ போகும் வழியில், அதற்கு முன்னால் உள்ள புல், புதர், மரங்களின் மேல்தான் கரைசலைக் கொட்டுகின்றன. தண்ணீரோடு உரத்தில் இருக்கும் பாஸ்பேட் வகை உப்புகளைக் கலந்து செய்வது இந்தக் கரைசல். எங்கே கொட்டியிருக்கிறோம் என்று மேலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சிவப்பு நிறம் சேர்க்கிறார்கள். இது படிந்த செடிகொடிகள் சீக்கிரம் பற்றாது, தீயின் வேகம் குறையும். அந்த இடைவெளியில் தரையில் இருக்கும் வீரர்கள் வந்து, மண்ணை வெட்டிக் கோடு போட்டு, தீயைக் கட்டுப்படுத்த வேண்டும்.

அதாவது விமானம் தீயை அணைப்பதில்லை, அணைப்பவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது. ‘இவ்வளவு ஆபத்தில் பறக்கத்தான் வேண்டுமா?’ என்ற கேள்விக்கு வரும்போது இது முக்கியம்.

இன்னொரு வகை, ஏரியிலோ கடலிலோ நீரின் மேல் சறுக்கியபடியே தண்ணீர் அள்ளும் விமானங்கள். கனடாவில் உருவான சிஎல்-415 சுமார் 12 நொடிகளில் 6,000 லிட்டருக்கு மேல் அள்ளிவிடும். இவை நேராகத் தீயின் மேலேயே கொட்டும். ஹெலிகாப்டர்கள், சிறிய ஒற்றை எஞ்சின் விமானங்களும் இந்தப் பணியில் உண்டு.

இதில் அப்படி என்ன ஆபத்து?

பயணிகள் விமானம் எதையெல்லாம் தவிர்க்கிறதோ, அதையெல்லாம் தேடிப் போவதுதான் இந்த வேலை.

கரைசலைக் கொட்டும் உயரம் சுமார் 150 முதல் 200 அடி. ஏறக்குறைய ஒரு 15 மாடிக் கட்டடத்தின் உயரம். இன்னும் மேலே போனால் கரைசல் காற்றில் சிதறிவிடும். சரியான இடத்தில் விழ வேண்டும் என்றால் வேகத்தையும் குறைக்க வேண்டும். விமானம் பறக்கக் காரணமே இறக்கையின் மேல் ஓடும் காற்றின் வேகம்தான். அது ஒரு அளவுக்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது. இதை ‘ஸ்டால்’ என்பார்கள். பத்தாயிரம் அடியில் ஸ்டால் ஆனால், மூக்கைக் கீழே இறக்கி, வேகம் பிடித்து, மறுபடி மேலே வந்துவிடலாம். 200 அடியில் அதற்கு இடமே கிடையாது.

அடுத்தது வெப்பம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. மலைப்பகுதி என்றால் அடர்த்தி இன்னும் குறையும். இறக்கைக்கும் எஞ்சினுக்கும் கிடைக்கும் பலம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். தீயிலிருந்து மேலெழும் அனல் ஒரு பக்கம் தூக்கும், பக்கத்திலேயே காற்று கீழ்நோக்கி இழுக்கும். மேடு, பள்ளத்தாக்குகளில் மோதிவரும் காற்று திடீரெனத் திசையும் வேகமும் மாறும். இந்தத் திடீர் மாற்றத்துக்குத்தான் ‘விண்ட் ஷியர்’ என்று பெயர். இதற்கெல்லாம் மேல் புகை. முன்னால் இருக்கும் மரமோ மின்கம்பியோ கடைசி நொடியில்தான் கண்ணில் படும்.

டன் கணக்கில் எடையைச் சில நொடிகளில் கீழே விட்டால், விமானம் சட்டென மேலே எழும்பும். இறக்கைகள் வளைந்து நிமிரும். ஒரு நாளில் பல முறை, ஒரு சீசனில் நூற்றுக்கணக்கான முறை இது நடந்தால் அந்த உலோகம் என்ன ஆகும்? அமெரிக்கா அதை 2002-ல் பார்த்தது.

இறக்கைகள் கழன்ற கோடை

2002 ஜூன் 17. கலிஃபோர்னியாவின் வாக்கர் என்ற ஊருக்கு அருகே ஒரு சி-130ஏ விமானம் கரைசலைக் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். விமானத்தின் இரண்டு இறக்கைகளும் மேல்நோக்கி மடிந்து, உடலிலிருந்து கழன்றன. விமானத்தில் இருந்த மூவரும் உயிரிழந்தனர். அந்த வீடியோ உலகம் முழுக்க ஒளிபரப்பானது.

ஏறக்குறைய ஒரு மாதம். ஜூலை 18 அன்று கொலராடோவின் எஸ்டெஸ் பார்க் அருகே இன்னொரு தீயணைப்பு விமானத்தின் இடது இறக்கை கழன்று விழுந்தது. இருவர் பலி.

முதல் விமானம் 1957-ல் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டது. இரண்டாவது இரண்டாம் உலகப்போர்க் காலத்தது, 1945-ல் தயாரானது. இரண்டிலும் விசாரணையில் தெரியவந்த காரணம் ஒன்றுதான்: உலோகச் சோர்வு. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடுமே, அதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரிசல் விழுந்து, வளர்ந்து, ஒரு நாள் இறக்கையே போய்விட்டது.

இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது. 1994-லேயே கலிஃபோர்னியாவில் இதே வகை சி-130ஏ ஒன்று விழுந்து மூவர் இறந்திருந்தார்கள். எரிபொருள் வெடித்ததுதான் காரணம் என்று அந்த ஃபைல் மூடப்பட்டிருந்தது. 2002 விபத்துக்குப் பிறகு பழைய சிதைவுகளைத் திரும்பப் பரிசோதித்தபோது, அதிலும் இறக்கையில் சோர்வு விரிசல்கள் இருந்தன. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்த எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை.

ஏன் இப்படி ஆனது? இந்த விமானங்கள் ராணுவம் கழித்துக்கட்டியவை. தனியார் நிறுவனங்கள் அவற்றை வாங்கி, டேங்க் பொருத்தி, அரசின் வனத்துறைக்கு ஒப்பந்தத்தில் ஓட்டின. தீயணைப்பில் இறக்கைக்கு எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்ற பராமரிப்புத் திட்டம் போடப்படவே இல்லை. ‘அரசு வேலைக்குப் பறக்கும் விமானம், எங்கள் கட்டுப்பாட்டில் வராது’ என்பது விமானப் போக்குவரத்துத் துறையின் நிலை. ‘விமானத்தின் தரத்தைப் பரிசோதிப்பது எங்கள் வேலை இல்லை’ என்பது வனத்துறையின் நிலை. இரண்டுக்கும் நடுவில் விரிசல் வளர்ந்தது.

2004 மே மாதம் 33 பெரிய தீயணைப்பு விமானங்களின் ஒப்பந்தத்தை அமெரிக்க அரசு ஒரேயடியாக ரத்துசெய்தது. அதன் பிறகு, எத்தனை மணி நேரம் பறந்தது, இறக்கைக்கு எவ்வளவு அழுத்தம் வந்தது என்பதையெல்லாம் கண்காணிப்பது கட்டாயமானது. போர்க்கால விமானங்கள் படிப்படியாக விலகி, பயணிகள் ஜெட் விமானங்களை மாற்றியமைத்த புதிய தலைமுறை வந்தது.

விமானம் நன்றாக இருந்தால் போதுமா?

போதாது என்பதைப் பிறகு நடந்த விபத்துகள் காட்டின.

2012 ஜூலை 1 அன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், விமானப்படையின் சி-130 ஒன்று தீயணைப்பின்போது விழுந்து ஆறு பேரில் நால்வர் இறந்தனர். விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை. இடிமேகத்திலிருந்து திடீரெனக் கொட்டும் ‘மைக்ரோபர்ஸ்ட்’ என்ற கீழ்நோக்கிய காற்று அதைத் தரையில் தள்ளியது. அதற்குச் சற்று முன்புதான், வழிகாட்டிச் சென்ற சிறிய விமானமும் அதே காற்றில் சிக்கித் தரையைத் தொடும் அளவுக்குப் போய் மீண்டிருந்தது. பின்னால் வந்தவர்களை நிறுத்தும் அளவுக்கு அந்த அனுபவம் தெளிவான எச்சரிக்கையாகப் போய்ச் சேரவில்லை.

2021 ஆகஸ்ட் 14-ல் துருக்கியின் கஹ்ராமன்மராஷ் மாகாணத்தில் ரஷ்யாவின் பிஇ-200 விமானம் மலையில் மோதி எட்டுப் பேர் பலியாகினர். 2022 அக்டோபரில் இத்தாலியின் எட்னா எரிமலைச் சரிவில் ஒரு சிஎல்-415 மோதி இருவர் இறந்தனர். 2023 ஜூலை 25-ல் கிரீஸின் எவியா தீவில், தண்ணீர் கொட்டிய கையோடு ஒரு சிஎல்-215 விமானத்தின் இறக்கை மரத்தில் பட்டது. இரண்டு இளம் விமானப்படை பைலட்டுகள் உயிரிழந்ததை அந்நாட்டுத் தொலைக்காட்சி நேரலையிலேயே காட்ட நேர்ந்தது.

வானத்தில் கூட்டமும் ஒரு பிரச்னை. 2023 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியாவின் கபாசோன் அருகே ஒரே தீயில் வேலை செய்த இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதிக்கொண்டன. ஒன்று பத்திரமாக இறங்கியது. மற்றதில் இருந்த மூவரும் இறந்தனர். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தீயின்போது, வேடிக்கை பார்க்க ஒருவர் பறக்கவிட்ட ட்ரோன் தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் ஓட்டை போட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால், ஊரே எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த விமானம் பழுதுபார்க்கப் போய்விட்டது.

பாம்பர் 134: அன்று நடந்தது என்ன?

இப்போது மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். பாம்பர் 134 பழைய விமானம்தான், 1981-ல் தயாரானது. ஆனால் இறக்கை கழன்று அது விழவில்லை. காரணம் வேறு.

அன்று அதற்கு முதலில் கொடுக்கப்பட்ட இடம் அடமினபி. பெரிய டேங்கர்களுக்கு முன்னால் ‘பேர்டு டாக்’ எனப்படும் ஒரு சிறிய விமானம் போய், காற்று எப்படி, தடை எங்கே, எங்கே கொட்டலாம் என்று பார்த்துச் சொல்வது வழக்கம். அந்த பேர்டு டாக்கின் பைலட், வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு அங்கே வர மறுத்துவிட்டார். தீயணைப்பு நிர்வாகம் பெரிய டேங்கர்களை மட்டும் அனுப்பியது.

முன்னால் போன பாம்பர் 137 ஒரு போயிங் 737. அடமினபியில் கரைசலைக் கொட்டியதும் அது பைலட்டின் கட்டுப்பாட்டை மீறி ஒரு பக்கமாக 45 டிகிரி சாய்ந்தது. விண்ட் ஷியர் எச்சரிக்கையும் ஒலித்தது. சமாளித்து வெளியே வந்த குழுவினர், மறுபடியும் அங்கே போகப்போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். வந்துகொண்டிருந்த பாம்பர் 134-இடமும் அதைச் சொன்னார்கள்.

பாம்பர் 134 அடமினபிக்குப் போய், மேலே வட்டமிட்டுப் பார்த்தது. இங்கே முடியாது என்று அவர்களும் முடிவெடுத்தார்கள். அதாவது அந்த மூவரும் கண்ணை மூடிக்கொண்டு ரிஸ்க் எடுத்தவர்கள் இல்லை. வேறு இடம் கேட்டார்கள். கட்டுப்பாட்டு மையம், கிழக்கே இருந்த ‘குட் குட்’ என்ற தீப்பகுதியைக் கொடுத்தது.

அங்கே சில சுற்றுகள் வந்து பார்த்துவிட்டு, ஏறக்குறைய 200 அடி உயரத்தில் கரைசலில் ஒரு பகுதியைக் கொட்டினார்கள். பிறகு இடதுபுறத் திருப்பம். அந்த நேரத்தில் பின்னாலிருந்து வரும் காற்று பலமானது, கூடவே விண்ட் ஷியர். பின்காற்று திடீரென அதிகரித்தால், தரையைப் பொறுத்து விமானம் வேகமாகப் போவதுபோல் இருக்கும். இறக்கையின் மேல் ஓடும் காற்றோ குறைந்துவிடும். மீள முடியாத உயரத்தில் விமானம் ஸ்டால் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது விசாரணை அறிக்கை. மிச்சக் கரைசலை அவசரமாகக் கொட்டி எடையைக் குறைக்கும் வசதி இருந்தும் அது நடக்கவில்லை. விண்ட் ஷியரைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் கருவி பாம்பர் 134-ல் கிடையாது. அது கட்டாயமும் இல்லை.

‘முடியாது’ என்று ஒருவர் சொன்னால்...

ஆபத்தான வேலையில் இறுதி முடிவு யாருடையது? விமானத் துறையில் இதற்கு ஒரே பதில்: கேப்டனுடையது. ‘பறக்க மாட்டேன்’ என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அன்றைக்கும் அந்த உரிமையை யாரும் பறிக்கவில்லை.

ஆனால், முடிவெடுக்கத் தேவையான தகவல் மொத்தமும் அவரிடம் இருந்ததா என்பதுதான் கேள்வி. பேர்டு டாக் மறுத்ததோ, அந்தப் பகுதியில் மற்ற விமானங்கள் பறக்காமல் நின்றுபோனதோ தீயணைப்பு நிர்வாகத்திடமிருந்து பாம்பர் 134-க்குச் சொல்லப்படவில்லை. போகலாமா, வேண்டாமா என்பதைப் பைலட்டின் பொறுப்பிலேயே விட்டுவிட்ட நிர்வாகம், தன் கையிலிருந்த எல்லாத் தகவலையும் அவருக்குக் கொடுக்கவில்லை என்பது அறிக்கையின் முக்கியமான முடிவு. ஒரு பைலட் பணியை மறுத்தால் அடுத்து என்ன செய்வது, யாருக்குச் சொல்வது என்பதற்கு எழுதப்பட்ட நடைமுறையே அன்று இல்லை. விமான நிறுவனத்திடமும், கிளம்பும் முன் ஆபத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் முறையான ஏற்பாடு இல்லை.

பாம்பர் 137 மறுத்தது 134-க்குத் தெரியும். ஆனால் அது அடமினபியைப் பற்றியது. வேறு இடத்துக்குப் போனால் நிலைமை வேறாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. மறுத்தவர்கள் இத்தனை பேர், பறந்துகொண்டிருப்பது நாம் மட்டும்தான் என்ற முழுப் படம் கிடைத்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? இதற்கு யாரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. அடமினபியில் அவர்கள் எடுத்த முடிவு மட்டும் நம் முன்னால் இருக்கிறது.

இந்த வேலையில் இன்னொரு அழுத்தமும் உண்டு. கீழே வீடுகள் எரிகின்றன, மக்கள் காத்திருக்கிறார்கள். ‘ஒரு தடவை முயன்று பார்ப்போமே’ என்று தோன்றாமல் இருக்காது. மனம் அப்படித் தடுமாறும் இடத்தில்தான் விதிமுறை கைகொடுக்க வேண்டும். பலமான காற்றில் கொட்டும் கரைசல் குறி தவறிச் சிதறும், பெரிதாகப் பலன் தராது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும்.

பிறகு என்ன மாறியது?

விபத்துக்குப் பிறகு அந்த விமான நிறுவனம், கிளம்பும் முன் ஆபத்தை மதிப்பிடும் முறையையும், விண்ட் ஷியர் பயிற்சியையும் கொண்டுவந்தது. பணி மறுப்பைப் பதிவுசெய்து மற்ற பைலட்டுகளுக்குத் தெரிவிப்பது பற்றித் தீயணைப்பு நிர்வாகமும் தன் நடைமுறைகளை மறுபரிசீலனை செய்தது.

இருந்தாலும் பாடம் முடிந்துவிடவில்லை. 2023 பிப்ரவரி 6 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ஜெரால்ட் ரிவர் தேசியப் பூங்காவில், அதே நிறுவனத்தின் போயிங் 737 கரைசலைக் கொட்டியதும் மேலே ஏற வேகமும் சக்தியும் போதாமல் மேட்டில் மோதியது. விமானம் எரிந்துபோனது. இரண்டு பைலட்டுகளும் ஜன்னல் வழியே தப்பியது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

நம் மலைகளில்?

இந்தியாவில் இப்படிப்பட்ட பெரிய டேங்கர் விமானப் படை கிடையாது. காட்டுத்தீ கைமீறிப் போனால் மாநில அரசு கேட்கும், விமானப்படை ஹெலிகாப்டரை அனுப்பும். 2024 மார்ச்சில் குன்னூர் வனப்பகுதியில் தீ பரவியபோது, சூலூரிலிருந்து வந்த எம்ஐ-17 ஹெலிகாப்டர் ‘பாம்பி பக்கெட்’ என்ற பெரிய வாளியைத் தொங்கவிட்டு, நீர்நிலையிலிருந்து அள்ளிப் பல நடை கொட்டியது. அதே ஆண்டு நைனிடால் காட்டுத்தீயிலும் இதே முறைதான்.

மலைச்சரிவு, கோடை வெப்பம், புகை, பள்ளத்தாக்குக் காற்று எல்லாம் அங்கேயும் அதேதான். போதாததற்கு, அடியில் ஆடிக்கொண்டிருக்கும் டன் கணக்கான தண்ணீர். காட்டுத்தீ அதிகமாக அதிகமாக, இங்கேயும் வானிலிருந்து உதவி கேட்கும் தேவை கூடிக்கொண்டுதான் போகும். புதிய ஹெலிகாப்டர், பெரிய வாளி, கூடுதல் விமானம் பற்றியெல்லாம் அப்போது பேச்சு வரும். அந்தப் பட்டியலில் செலவே இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஒரு பைலட் ‘இந்தக் காற்றில் முடியாது’ என்று சொல்லிவிட்டால், அடுத்த பைலட் கிளம்புவதற்குள் அந்த வார்த்தை அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.